பரணில் கிடக்கும் ஊர்ச் சரித்திரம்: ஆவணக் காப்பாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் ஆவணங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செட்டிநாட்டு வீடுகளிலும் நெல்லைச் சீமைக் கிராமங்களிலும்தான் அதிகம் அலைந்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், பூர்வீக வீட்டை விற்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கும் கேள்விகள் என்று திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது நூலகர் வேலைதானே?

இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல் போனால் அதன் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும். எங்களிடம் வருவதெல்லாம் ஒற்றைப் பிரதி. மளிகைக் கடைப் பேரேடு, திருவிழா வரவு செலவு நோட்டு, ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதிய அடங்கல் என்ற பயிர்க் கணக்கு, மூடிப்போன ஸ்டுடியோவின் நெகட்டிவ் டப்பா, நாடகக் கொட்டகை நோட்டீஸ், ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடு. தொலைந்தால் தொலைந்ததுதான்.

இன்னொரு வித்தியாசம், நூலகர் புத்தகம் புத்தகமாகப் பட்டியல் போடுவார். நாங்கள் கட்டுக் கட்டாகப் போடுவோம். இந்தக் கட்டை உண்டாக்கியது யார், எந்த வீட்டில் எந்த அறையில் இருந்தது, எதற்கு அடுத்து எது இருந்தது என்பதை எழுதி வைப்பதுதான் பாதி வேலை. வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது முதல் பாடம்.

வரிசையில் அப்படி என்ன இருக்கிறது? தேதிவாரியாக அடுக்கினால் நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது. அதன் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்னக் கட்டு. பிரித்தால் அடமானப் பத்திர நகல் ஒன்று, கடன் சீட்டு இரண்டு, ஒரு பெண் குழந்தையின் ஜாதகம், பழைய கப்பல் டிக்கெட், மருந்து பாட்டிலிலிருந்து உரித்த லேபிள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. பத்திரத்தைப் பத்திரங்களோடும் ஜாதகத்தை ஜாதகங்களோடும் சேர்த்தேன். தேதிப்படி அடுக்கி எண் போட்டேன். துணியில் பூஞ்சை பிடித்திருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். அழகாக முடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

ஆறேழு மாதம் கழித்து அந்த வீட்டு ஆச்சி வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்த மஞ்சத் துணிக் கட்டு எங்கப்பா?"

"பிரிச்சு அடுக்கிட்டோம் ஆச்சி. எல்லாம் பத்திரமா இருக்கு."

"அது எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து நடந்து வந்தப்ப இடுப்புல கட்டிக்கிட்டு வந்ததுய்யா."

அவருடைய தகப்பனார் பெகுவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். மேலாளுக்குக் கீழே, பெட்டியடிப் பையனுக்கு மேலே உள்ள வேலை அது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கிளம்பி, மற்ற ஆயிரமாயிரம் பேரோடு காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். கடையில் இருந்த அத்தனை காகிதத்தில் எதை எடுத்துக்கொள்வது என்று அந்த மனிதர் ஒரு ராத்திரியில் முடிவு செய்திருக்கிறார். வசூலாகாமலே போன இரண்டு கடன் சீட்டும் மகளின் ஜாதகமும் அந்தக் கட்டுக்குள் ஒன்றாக இருந்ததுதான் செய்தி. தனித்தனியாக அவற்றில் ஒன்றுமில்லை. தாள் ஆறையும் காப்பாற்றிவிட்டு அந்தச் செய்தியை நான் அழித்துவிட்டேன். பிறகு நினைவிலிருந்து ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். ஆனால் அந்த லேபிள் மேலே இருந்ததா, நடுவில் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆச்சி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்படியானால் வருவதையெல்லாம் வைத்துக்கொள்வீர்களா?

முடியாது. இடமும் இல்லை, ஆளும் இல்லை. கழிப்பது இந்த வேலையின் ஒரு பகுதி, யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத பகுதி. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. 1892க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படுத்தவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் தவிர, அழிக்கக் கூடாது என்கிறது அது. வீட்டுக் காகிதத்துக்கு அப்படி ஒரு கோடு கிடையாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்து மின்கட்டண ரசீது வந்தால் ஒரு வருஷத்துடையதை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எதைக் கழித்தேன் என்று பட்டியலில் எழுதிவிடுவேன். தப்பு செய்திருந்தால் பின்னால் வருகிறவருக்காவது தெரியட்டும்.

தேதி போடாத காகிதத்துக்கு எப்படிக் காலம் சொல்வது?

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தேதி போட்டிருந்தாலுமே சிக்கல் உண்டு. "பார்த்திப வருஷம் ஆனி மாதம்" என்று ஒரு கைச்சீட்டு. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை பார்த்திப வருஷம் வரும். 1885ஆ, 1945ஆ? முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் பிரச்சினையில்லை. விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1885, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1945. வெறும் தாள் என்றால் பக்கத்தில் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு இருக்கிறதா என்று தேடுவேன். திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் கொல்லம் ஆண்டும் சேர்த்து எழுதுகிற வழக்கம் உண்டு. அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம். 1060 என்றிருந்தால் 1885, 1120 என்றிருந்தால் 1945.

கிராமக் கணக்கு என்றால் பசலி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஒரு பசலி. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1355 என்றால் 1945 ஜூலையிலிருந்து 1946 ஜூன் வரை. இன்றைக்கும் வருஷாவருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் பசலிக் கணக்குதான்.

எந்த வருஷமுமே இல்லையா? பணத்தைப் பாருங்கள். ரூபாய், அணா, பைசா என்று கணக்கு ஓடினால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன். "ந.பை." என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில், ஏனென்றால் 'நயா' என்ற ஒட்டு அவ்வளவு காலம்தான் இருந்தது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'சென்னை மாநிலம்' என்று அச்சடித்திருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சானதாக இருக்கலாம், ஆனால் பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை உபயோகிக்கிற சிக்கனம் நம்மவர்களுக்கு உண்டு என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் லை, னை, ணா எல்லாம் புது வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் என்று ஊகிக்கலாம். பழைய அச்சுக்களைக் கொஞ்ச காலம் ஓட்டிய அச்சகங்களும் உண்டு. ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டோம். இரண்டாவது ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. காப்பகத்துக்குள் பேனாவுக்கு இடமில்லை.

எங்கள் வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறது. சித்தர் ரகசியமா, புதையல் குறிப்பா?

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்றாவது வரும். இதுவரை நான் பார்த்த சுவடிகளில் புதையல் வந்ததில்லை. ராமாயணம், அம்மானை, வாகடம், ஜோதிடம், நிலக் கணக்கு, மாட்டு வைத்தியம். மாட்டு வைத்தியம் என்றதும் முகம் வாடிப் போகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ நூறு பிரதி இருக்கிற ராமாயணத்தைவிட அந்த ஊர் மாட்டுக்கு அந்த ஊர் வைத்தியர் எழுதி வைத்ததுதான் பெரிசு.

சுவடியில் இரண்டு துளை இருக்கும். ஒன்றில் நாராசம் என்கிற கம்பி, ஏடுகள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றில் கயிறு. கயிற்றின் நுனியில் கிள்ளி வைத்த ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர், உருவிக்கொள்ளாமல் தடுக்க. கயிறு இற்றுப்போயிருந்தால் நீங்கள் அவிழ்க்க வேண்டாம். ஏடுகள் கலைந்தால் திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு மாதம் ஆகும். ஏட்டில் பக்க எண் இருந்தாலும் தமிழ் எண்ணில் இருக்கும், அதையும் பூச்சி தின்றிருக்கும்.

எழுத்து தெரியவில்லை என்று விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டிவிட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைப்பார்கள் பழகியவர்கள். கீறல் தெரிய விளக்குக் கரி தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழுந்து வரும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. படிப்பது அதற்கப்புறம்தான். புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா தெரியாது, காலா ரகரமா தெரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

டில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் பள்ளியில் ஆவணவியலில் ஒரு வருஷப் பட்டயம் இருக்கிறது, சில வாரங்களில் முடியும் குறுகிய பயிற்சிகளும் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. நூலக அறிவியலோ வரலாறோ தமிழோ முதுகலை படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பட்டத்தைவிட நான் பார்ப்பது வேறு. தமிழ் எண்ணும் பின்னமும் தெரியுமா? மா, காணி, முந்திரி எல்லாம் கணக்கேட்டில் தினப்படி வரும். கிரந்த எழுத்து கொஞ்சமாவது படிக்க வருமா? தஞ்சாவூர்ப் பக்கம் வேலை என்றால் மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான். இளவயதுக்காரர் யாராவது மோடி கற்றுக்கொண்டால் வேலையில்லாமல் இருக்க மாட்டார். அப்புறம், தூசி ஒவ்வாமை இருந்தால் யோசித்து வாருங்கள். நான் யோசிக்காமல் வந்தவன்.

சம்பளம்?

அரசுக் காப்பகம் என்றால் அரசுச் சம்பளம், ஆனால் பணியிட அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். மற்றதெல்லாம் பெரும்பாலும் திட்ட வேலை. நிதி வந்தால் இரண்டு வருஷம் வேலை, தீர்ந்தால் அடுத்த விண்ணப்பம் எழுதும் வேலை. வங்கிகள், பழைய கம்பெனிகள், சில கல்லூரிகள் தங்கள் ஆவணங்களுக்கு ஆள் வைக்கத் தொடங்கியிருக்கின்றன, அங்கே பரவாயில்லை. வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பது நல்லது என்று கேட்கிற பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஆவணம் எங்கே தேடுவது?

ஊரிலேயே தொடங்குங்கள். 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகளை அரசு ஒழித்தது. பழைய கர்ணம் வீட்டுப் பரண்களில் கணக்குக் கட்டுகள் மிச்சம் இருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். கோயில், சங்கம், பழைய பள்ளிக்கூடம், மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிவாசல் கல்யாணப் பதிவேடு, அச்சகம் வைத்திருந்தவர் வீடு. அதற்குப் பிறகு வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலக ரெக்கார்ட் ரூம்.

அதையும் தாண்டினால் எழும்பூர். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாகக் கட்டிய செங்கல் கட்டடம், இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆவணங்கள் 1670களிலிருந்து இருக்கின்றன. அங்கே போய் "எங்க ஊர் ஃபைல் குடுங்க" என்றால் கிடைக்காது. ஊர்ப் பெயரில் ஒன்றும் அடுக்கியிருக்காது, எந்தத் துறை, எந்த வருஷம், எந்த அரசாணை என்றுதான் அடுக்கியிருக்கும். பழைய அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி எண்ணைப் பிடித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினால் சோர்ந்துபோக வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். ஊரின் பழைய எழுத்துக்கூட்டலைத் தெரிந்துகொண்டு போங்கள். தூத்துக்குடியை டூட்டிகொரின் என்று தேடத் தெரியாதவருக்கு அங்கே தூத்துக்குடியே இல்லை.

அச்சான பழைய சிறு வெளியீடுகள், தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் மாதிரி வேண்டுமானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள்தான் அதற்கு அடித்தளம். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதைக் கப்பலேற்றாமல் இங்கேயே 1994இல் நூலகமாக்கியது. மற்றவர்கள் பழைய பேப்பர் கடையில் போட்டதைத்தான் அவர் பொறுக்கிச் சேர்த்தார்.

ஸ்கேன் செய்தாகிவிட்டதே, மூலத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

ஸ்கேன் வேண்டும், கட்டாயம் வேண்டும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், சுவடிகள் சாம்பலாயின. பல ஊர்களில் பிரதி இருப்பதன் அருமை அந்த நெருப்பைக் கண்டவர்களுக்குத் தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து வெளியீடுகளைத் தேடித் தேடி மின்வடிவாக்கி வருகிறது. சின்னச் சங்கத்து ஆண்டு மலர்கூட அதில் கிடைக்கும்.

ஆனால் கணினிக் கோப்பு காகிதத்தைவிட நோஞ்சான். நூறு வருஷத்துத் துணிக்காகிதம் இன்றும் புரட்டினால் புரள்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன் யாரோ யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சிடியில் கொடுத்த ஊர் வரலாற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கஞ்சிதான் வருகிறது. அதை யூனிகோடுக்கு மாற்றி எடுத்தோம். இன்னும் மூன்று சிடிக்கள் திறக்கவே இல்லை. நாங்கள் 400 டிபிஐ துல்லியத்தில், தரம் குறையாத டிஃப் படக் கோப்பாக எடுத்து, மூன்று பிரதி வைத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வைக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம். ஸ்கேன் செய்ததும் மூலத்தைக் கிழித்துப் போடும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரதியில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் திரும்பப் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

மழையில் நனைந்துவிட்டது. வெயிலில் போடலாமா?

போடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில், நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றி மாற்றி உலர்த்துங்கள். இரண்டு நாளைக்குள் பூஞ்சை வந்துவிடும். கட்டு பெரிசு, கை போதாது என்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம். சென்னை 2015 வெள்ளத்தின்போது போனில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மீன் இருக்கிற ஃப்ரீசரில் தாத்தா பத்திரமா என்று ஒரு அம்மா கேட்டார். வைத்தார், பத்திரம் பிழைத்தது. ஒட்டிக்கொண்ட போட்டோக்களை மட்டும் பிய்க்கவே பிய்க்காதீர்கள்.

பழைய ஆவணத்துக்கு நல்ல விலை தருகிறார்களாமே?

தருவார்கள். 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். உள்ளூரில் விற்பது உங்கள் இஷ்டம், கேட்காமல் ஒன்று சொல்வேன்: கட்டைப் பிரித்து விற்காதீர்கள். தபால்தலைக்காக உறையை மட்டும் ஒருவர் வாங்கிக்கொண்டு போக, கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்றே தெரியாமல் அநாதையாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பக் கடிதங்களை எல்லாரும் படிப்பார்களா?

கொடுக்கும்போதே இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். மூடி வைப்போம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடிதம் உங்கள் பெட்டியில் இருந்தாலும், அதைப் பதிப்பிக்கும் உரிமை எழுதியவருடையது, அவர் இறந்த பிறகு அவர் வாரிசுகளுடையது; அவர் காலத்தில் அச்சாகாத கடிதம் என்றால் அது முதலில் வெளியானதிலிருந்து 60 வருஷம் வரை அந்த உரிமை இருக்கும்.

கடிதத்தைவிட எனக்குக் கவலை தருவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய போலீஸ் குறிப்பு மாதிரியானவை. சாதிப் பெயர், அன்றைக்கு அதிகாரி எழுதிய வசவு எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அழிக்க மாட்டோம், திருத்தவும் மாட்டோம். ஆனால் அதை இணையத்தில் ஏற்றி, உயிரோடு இருக்கிற ஒருவரின் பேரனை அவன் வகுப்பில் தலைகுனிய வைக்கவும் மாட்டேன். ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம். நேரில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

திறந்ததும் எதையும் எடுக்காமல் ஒரு போட்டோ. ஒவ்வொரு அடுக்கு எடுத்ததும் இன்னொரு போட்டோ. துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள், செலோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள், போனால் திரும்ப மீட்க வழியில்லை. ராமபாணப் பூச்சி இருந்தால் தனியாக வையுங்கள். போட்டோவின் பின்னால் பேர் தெரிந்தால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே. சுற்றியிருக்கும் துணி, கயிறு, பை எதையும் நான் பார்க்கும்வரை போட வேண்டாம்.

உங்கள் வீட்டுக் காகிதங்களை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

அம்மாவுக்கு அப்பா எழுதிய இன்லண்டு லெட்டர்கள் ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில், பீரோவுக்கு மேலே இருக்கின்றன. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இறக்கினேன். மேலே இருந்த இரண்டு, மடிப்பில் கிழிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம் என்று திரும்ப மேலே வைத்தேன்.